போர்கோ வெக்கியோவில் ஒரு பழைய கண்ணாடி

பலெர்மோ என்றால் எங்கட ஆக்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மலைதான். மொன்தே பெல்லெக்ரீனோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைவம், வேதம் என்ற வித்தியாசம் இல்லாமல் தமிழ்ச்சனம் சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு ஏறும். நீங்களும் ஜெர்மனியிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வந்து ஒரு தடவையாவது ஏறியிருப்பீர்கள். மெழுகுதிரி கொளுத்தி, குகைக் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு இறங்கியிருப்பீர்கள். பிறகு மொந்தெல்லோ கடற்கரை, பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம், அடுத்த நாள் பிளேன்.

நான் எழுதுவது அந்த மலையைப் பற்றி அல்ல. பொலித்தேயாமா தியேட்டருக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கட குறிச்சியைப் பற்றி. பெயர் போர்கோ வெக்கியோ, அதாவது 'பழைய ஊர்'. பழைய நகரத்தின் மதிலுக்கு வெளியே, கடல்தொழில் செய்தவர்களுக்கும் துறைமுகத்தில் வேலை செய்தவர்களுக்கும் உருவான இடம். ஒரு பக்கம் ஊச்சார்தோனே சிறைச்சாலை, மறுபக்கம் நகரத்தின் பணக்கார வீதியான வியா லிபெர்த்தா. 1943இல் துறைமுகத்துக்கு விழுந்த குண்டுகளில் இந்தப் பக்கமும் அடிபட்டது. இங்குள்ள சந்தை பின்னேரம்தான் உயிர் பெறும். இரவு ஒன்பது மணிக்கும் மீன், தக்காளி, கரியடுப்பில் வாட்டுகிற இறைச்சி. சுவர்களில் இந்தக் குறிச்சிப் பிள்ளைகளோடு சேர்ந்து வரைந்த பெரிய பெரிய ஓவியங்கள். சுற்றுலாப் புத்தகங்களில் 'கவனம்' என்று எழுதியிருப்பார்கள். அப்படி எழுதுகிறவர்கள் இங்கே மரக்கறி வாங்கிப் பார்த்தவர்கள் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முதல் இந்தக் குறிச்சியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டை நானும் கணவரும் வாங்கினோம். கூரை உயரம் நாலு மீட்டர், தரையில் பழைய பூவேலை ஓடு, இரண்டு பல்கனி. வீடு வாங்கிய பிறகுதான் எனக்கு ஒரு பிரச்சினை விளங்கியது. சுவரில் எதைக் கொழுவுவது?

இது சிரிப்பான கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் உங்களில் கனபேர் நான் வளர்ந்த மாதிரியான வீட்டில்தான் வளர்ந்திருப்பீர்கள். அம்மா பலெர்மோவுக்கு வந்தது 1987இல். 1990இல் மார்த்தெல்லி சட்டம் வந்தபோது, அதுவரை பதிவில்லாமல் இருந்த ஆயிரக்கணக்கான வெளிநாட்டுக்காரரோடு அவவுக்கும் 'சொஜ்ஜோர்னோ' கிடைத்தது. அடுத்த வருடம் நான் பிறந்தேன். அந்த வாடகை வீட்டுச் சுவர் எனக்கு இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது: வெறும் வெள்ளை. முந்தி இருந்தவர்கள் விட்டுவிட்டுப் போன ஒரேயொரு ஆணி. அதில் தமிழ்க்கடைக் கலண்டர். அலுமாரிக்கு மேலே மூன்று சூட்கேஸ். "சுவரில ஆணி அடிச்சால் வீட்டுக்காரன் பேசுவான்" என்று அம்மா சொல்லுவா. அது பாதிதான் உண்மை. "வாற வருசம் ஊருக்குப் போயிடுவம்" என்பது மிச்சப் பாதி. அந்த வாற வருடம் முப்பது தடவை வந்து போய்விட்டது.

கண்ணாடி என்று அந்த வீட்டில் இருந்தது குளியலறையில் ஒன்று. அப்பா சவரம் செய்ய, அம்மா பொட்டு வைக்க, நான் தலை இழுக்க. மூலையில் வரிசையாக ஒட்டுப்பொட்டு. முழு உருவத்தையும் பார்க்க வேண்டுமென்றால் கடையில் உடுப்புப் போட்டுப் பார்க்கும் அறைக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் அம்மாவுக்குப் பெரிய கண்ணாடி புதிது அல்ல. இருபத்தேழு வருடம் வியா லிபெர்த்தாவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் வேலை செய்தவ. அந்த வீட்டு வரவேற்பறையில் சுவரளவுக்கு இரண்டு கண்ணாடி, தங்கப்பூச்சுச் சட்டத்தோடு எதிரும் புதிருமாக நின்றன. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போவா. கண்ணாடிக்குள் கண்ணாடி, அதற்குள் கண்ணாடி என்று அம்மா நூறு பேராக நின்று தூசி தட்டுவா. எனக்கு அது ஒரு திருவிழா. அவவுக்கு அது செவ்வாய்க்கிழமை வேலை.

இந்த வீட்டுக்குக் கண்ணாடி வாங்குவதென்றால் பழைய கண்ணாடிதான் என்று நான் முடிவெடுத்ததற்கு அந்தச் செவ்வாய்க்கிழமைகளும் ஒரு காரணம். இன்னொரு காரணம் இந்த நகரம். பலெர்மோவைப் போலப் பழைய கண்ணாடி மலிந்த ஊர் குறைவு. ஏன் இங்கே இவ்வளவு என்று கேட்டால், ஒரு காலத்துப் பணமும் அந்தப் பணம் உடைந்துபோன விதமும்தான் பதில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏர்னெஸ்தோ பசிலே என்ற கட்டிடக்கலைஞர் இங்குள்ள பணக்காரருக்குப் பூங்கொடி வளைவுகளோடு மாளிகைகள் கட்டினார். அவற்றுக்கான தளபாடங்களை விட்டோரியோ துக்ரோ என்பவரின் தொழிற்சாலை செய்தது. எங்கட ஆக்கள் கனபேர் குடியிருக்கிற ஸீசா பக்கம், பிள்ளைகளை நிகழ்ச்சிகளுக்குக் கூட்டிக்கொண்டு போகிற 'கந்தியேரி' இருக்கிறதே, அந்தக் கொட்டகைகள்தான் துக்ரோவின் பட்டறைகள். போருக்குப் பிறகு வீடு கட்டும் வியாபாரம் சூடுபிடித்தபோது அந்த மாளிகைகளை இடித்துத் தள்ளினார்கள். பசிலே கட்டிய வில்லா தெலியெல்லா 1959 நவம்பர் கடைசியில் இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. எங்கட குறிச்சியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பியாத்சா குரோச்சியில். அந்தக் காணி பல பத்து வருடங்கள் கார் நிறுத்தும் இடமாகவே கிடந்தது.

ஒரு காலத்தின் வீடுகள் இப்படிப் போனபோது உள்ளே இருந்ததெல்லாம் எங்கேயோ போய்ச் சேரத்தானே வேண்டும். கதீட்ரலுக்குப் பின்னால் பியாத்சா பெரன்னியில் 'மெர்கத்தோ தெல்லே புல்ச்சி' என்று தகரக் கொட்டில்களில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பியாத்சா மரீனாவில் நிலத்தில் விரித்து விற்பார்கள். அங்கே தோட்டத்தின் நடுவில் நிற்கிற ராட்சத மரத்துக்கு எங்கட ஆலமரம் போல விழுது இறங்கும். சின்னனில் நான் அதை ஆலமரம் என்றே நம்பியிருந்தேன். ஒரே குடும்பத்து மரம்தான், பிழையில்லை.

போன மாசியில் ஒரு ஞாயிறு, மலைக்குப் போகவில்லை என்று அம்மாவுக்கு மனத்தாங்கல் இருந்தாலும், என்னோடு பியாத்சா மரீனாவுக்கு வந்தா. பார்ப்பதற்கு இல்லை, தடுப்பதற்கு.

"செத்தவையின்ர கண்ணாடியை ஏன் பிள்ளை வீட்டுக்குக் கொண்டு வாறாய்?"

"அம்மா, இந்த ஊரில செத்தவையின்ர இல்லாத சாமான் ஏதாவது இருக்கோ? நாங்கள் இருக்கிற வீடே அப்பிடித்தானே."

"வீடு வேற. கண்ணாடி முகம் பாக்கிற சாமான்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு அவவே சொன்னா. அந்த வீட்டு ஐயா காலமானபோது சிஞோரா வெள்ளைத் துணி எடுத்துத் தந்து எல்லாக் கண்ணாடியையும் மூடச்சொன்னாவாம். தென்னித்தாலியில் பழைய குடும்பங்களில் இருக்கிற வழக்கம் அது. "ஒரு கிழமை நான் கண்ணாடி துடைக்கேல்லை. வேலை குறைஞ்சுது எண்டு சந்தோசப்படவும் ஏலாது, அந்த மனுசன் நல்ல மனுசன்" என்றா. இவ்வளவு வருடத்தில் அந்த வீட்டுக் கதை ஒன்றை அம்மா தானாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

ஒரு கடைக்காரர் மரத்தில் மூன்று கண்ணாடிகளைச் சாய்த்து வைத்திருந்தார். எனக்குப் பிடித்தது பெரியது, பளபளவென்று, சட்டத்தில் நிறையப் பூவேலை. அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஓரத்தில் நின்ற மங்கலான ஒன்றின் முன்னால் போய் நின்றா. தன்னுடைய வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தா. பிறகு கடைக்காரரைக் கேட்காமலே அதைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துப் பின்பக்கம் பார்த்தா.

"இது பழசு. அது சும்மா."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"லேஞ்சி இதில நீலம் பாய்ஞ்சு சாம்பலாத் தெரியுது. அதில மஞ்சள் அடிக்குது. சிஞோரா வீட்டில பெரிய அறையில இருந்தது இந்தச் சாதி. படுக்கை அறையில இருந்தது மற்றது."

அம்மாவுக்கு அந்த வித்தியாசத்தின் வேதியியல் தெரியாது. ஆனால் அவ சொன்னது அச்சொட்டாகச் சரி. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து ஏறத்தாழ 1900 வரை ஐரோப்பாவில் செய்த கண்ணாடிகளுக்குப் பின்னால் இருந்தது வெள்ளி அல்ல, வெள்ளீயமும் பாதரசமும். தட்டையான மேடையில் வெள்ளீயத் தகட்டை விரித்து, மேலே பாதரசத்தை ஊற்றி, கண்ணாடியை மெல்லத் தள்ளி அதன்மேல் ஏற்றி, பாரம் வைத்து, வாரக்கணக்கில் சாய்த்து வைத்து மிச்சப் பாதரசத்தை வடியவிடுவார்கள். அதைச் செய்த தொழிலாளர் பலர் பாதரச நஞ்சில் நடுங்கி நடுங்கிச் செத்தார்கள். வெள்ளியைக் கண்ணாடியில் படிய வைக்கும் வழியை 1835இல் கண்டறிந்தவர் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர். அந்த முறை பரவப் பல பத்து வருடம் எடுத்தது. வெள்ளிக் கண்ணாடி கொஞ்சம் மஞ்சள் சாயலோடு பிரகாசமாக இருக்கும், பின்பக்கம் பெயின்ற் அடித்திருக்கும். பாதரசக் கண்ணாடி நீலச் சாம்பலாக, வெளிச்சம் குறைவாக, பின்பக்கம் பூச்சில்லாத வெறும் உலோகமாக இருக்கும். பழுதானால் கீழ்ப்பக்கத்தில் இருந்து நட்சத்திரம் போலப் பொரிப்பொரியாகக் கறுக்கும்.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் இங்கேதான். சட்டத்தின் கீழ் விளிம்பில் குட்டிக் குட்டி வெள்ளி உருண்டைகள் நின்றால் அந்தக் கண்ணாடியைத் தொடவே வேண்டாம், அது கசிகிற பாதரசம். உருண்டை இல்லாவிட்டாலும் பின்பக்கத்தைச் சுரண்டவோ, 'சுத்தம்' செய்யவோ, தலைகீழாகத் திருப்பி வைக்கவோ கூடாது. பிள்ளைகள் படுக்கிற அறையில் வைக்கக் கூடாது. அடுப்புக்கும் ஹீற்றருக்கும் பக்கத்தில் கூடாது. உடைந்தால் யன்னலைத் திற, பிள்ளைகளை வெளியே அனுப்பு, வாக்கும் கிளீனரை எடுக்காதே, இந்த வேலை தெரிந்தவர்களைக் கேள். இவ்வளவும் பயப்படுத்துவதாக இருந்தால் வெள்ளிக் கண்ணாடி வாங்குங்கள். அதிலும் நூறு வருடப் பழசு தாராளமாகக் கிடைக்கும்.

நாங்கள் வாங்கியது மங்கலைத்தான். கீழ் விளிம்பு காய்ந்து சுத்தமாக இருந்தது. அம்மா விரலாலும் டார்ச்சாலும் பார்த்தா. கடைக்காரர் 220 யூரோ சொன்னார். நான் இத்தாலியில் பிறந்து இத்தாலியில் படித்தவள், என் இத்தாலியனில் பேரம் பேச 200க்கு வந்தார். அம்மா பேசுவது இத்தாலியன் இல்லை, சிசிலியன். முப்பது வருடம் சமையலறையிலும் சந்தையிலும் கேட்டுப் பழகியது. "த்ரொப்பு காரு" என்று தொடங்கி, கீழ்மூலைப் பொரியைக் காட்டி, தனக்கு இந்த ஊரில் எத்தனை கண்ணாடி தெரியும் என்று சொல்லி, நடந்து போகிற மாதிரி இரண்டு அடி வைத்து, 140க்கு முடித்தா. கடைக்காரர் கடைசியில் என்னைப் பார்த்து, உங்கட அம்மா எந்த ஊரில் கடை வைத்திருக்கிறா என்று கேட்டார். அம்மாவின் முகத்தில் அப்போது வந்ததை நான் முன்பு அவவின் வேலை விடயத்தில் பார்த்ததில்லை.

அவவின் வேலையை நாங்கள் வீட்டில் ஒருபோதும் பேசியது கிடையாது. 'அம்மா வேலைக்குப் போறா', அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் படிவத்தில் பெற்றோர் தொழில் என்ற இடத்தில் நான் எழுதிய சொல்லை அவ வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துத் தந்ததும் ஞாபகம் இருக்கிறது. உங்கட வீடுகளிலும் இப்படி ஒரு மௌனம் இருக்கும். எங்கட அம்மாமார் இந்த நகரத்தின் வெள்ளி, சரிகை, பளிங்கு, பழந்தளபாடம் எல்லாவற்றையும் கையால் தொட்டு அறிந்தவர்கள். எந்த மரத்துக்கு எந்த எண்ணெய், எந்தத் துணிக்கு எந்தச் சூடு என்று அருங்காட்சியகக்காரரும் கேட்டுப் படிக்கிற அறிவு அது. அதைச் சம்பளத்துக்குச் செய்த ஒரே காரணத்தால் நாங்கள் அதை அறிவு என்று எண்ணவில்லை.

கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டு வந்தது 'லாப்பா'வில், அதாவது மூன்று சில்லு வண்டி, எங்கட ஓட்டோவின் சொந்தக்காரன். நிமிர்த்தியபடியே, இரண்டு போர்வை சுற்றி, நடுவில் அம்மா கையைப் பிடித்தபடி. துறைமுக வீதியால் வரும்போது பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் பெடியன்கள் கண்ணாடியில் தங்களைப் பார்த்துத் தலை சீவினார்கள்.

கொழுவுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊர்ப் பழைய வீடுகளின் சுவர் மஞ்சள் நிற மணற்கல். ஆணி அடித்தால் மாவாகக் கொட்டும். ஆழமாகத் துளைத்து, தூசியை ஊதி எடுத்து, உள்ளே பிசின் விட்டு இறுகப்பண்ணுகிற போல்ற்தான் பாரம் தாங்கும். சட்டத்தின் கீழே ஒரு மரக்கட்டையும் வைத்தால் பயமில்லை. இடம் எங்கே என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் மீண்டும் ஒரு சண்டை. அலங்காரப் புத்தகங்கள் வாசலுக்கு நேரே வை என்கின்றன, வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும் என்று. அம்மா வாசலுக்கு நேரே கூடாது, சாமித்தட்டுக்கு நேரேயும் கூடாது என்றா. இதில் நான் அம்மா பக்கம். வாசலுக்கு நேரே வைத்தால் வருகிறவர்கள் எங்களைப் பார்க்க முதல் தங்களைப் பார்ப்பார்கள். பல்கனிக் கதவுக்குப் பக்கச் சுவரில் வைத்தோம். காலையில் துறைமுகப் பக்கத்து வெளிச்சம் அதில் பட்டு உள்ளறை வரை போகிறது.

'செத்தவையின்ர கண்ணாடி' என்ற பேச்சு அதோடு முடிந்துவிடவில்லை. அதை முடித்தது என் மகள். எட்டு வயது. கோயிலில் தீபாராதனை நேரம் ஐயர் குடை, விசிறி, சாமரம் எல்லாம் காட்டுவார் அல்லவா, அதில் ஒரு கண்ணாடியும் காட்டுவார். "அம்மம்மா, சாமியே கண்ணாடி பாக்குது, எங்களுக்கு என்ன?" என்று கேட்டாள். அம்மா சிரித்துவிட்டு வடலூர்க் கதையைச் சொன்னா. வள்ளலார் 1872இல் அங்கே சத்திய ஞான சபையைத் தொடங்கினார். சிலைக்குப் பதிலாக அங்கே இருப்பது விளக்கும் அதற்கு முன்னால் பெரிய கண்ணாடியும், அதன்மேல் ஏழு நிறத் திரைகளும். தைப்பூசத்தில் திரைகளை ஒவ்வொன்றாக நீக்கி ஜோதியைக் காட்டுவார்கள். மகளுக்கு ஏழு நிறமும் வேண்டுமாம். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் எல்லாம் கலந்தது என்று அம்மா விரல் விட்டு எண்ணினா. இப்படித்தான் பேச்சு திரைச்சீலைக்கு வந்தது.

போர்கோ வெக்கியோவில் திரைச்சீலை என்பது யன்னல் அலங்காரம் அல்ல. ஒவ்வொரு பல்கனியிலும் கம்பியிலிருந்து கைப்பிடிக்கு வெளியே தொங்குகிற பெரிய கோடு போட்ட துணி, பச்சை வெள்ளை, செம்மஞ்சள் வெள்ளை. வெயிலை மறைக்கும், எதிர்வீட்டுக் கண்ணையும் மறைக்கும், ஆனால் காற்றையும் பேச்சையும் விடும். அதற்குப் பின்னால் இருந்துகொண்டுதான் ஆச்சிமார் கயிற்றில் கூடை இறக்கி மரக்கறி வாங்குவார்கள். தெருமட்டத்தில் 'கத்தோயோ' என்கிற ஒற்றை அறை வீடுகள் இருக்கும், கதவு திறந்தபடி, சரிகைத் துணி ஒன்று மட்டும் வாசலில் தொங்கும். அந்தத் துணி மூடியிருந்தால் கூப்பிடக் கூடாது. கதிரையில் சுருட்டி வைத்திருந்தால் உள்ளே வரலாம். எங்கட ஊர்க் கிடுகுவேலியை நான் பார்த்தது சின்ன வயதில் இரண்டு விடுமுறையில்தான். ஆனாலும் வேலிக்கு மேலால் கதைக்கிற பழக்கம் இங்கே துணிக்குப் பின்னால் நடக்கிறது என்று முதல் நாளே விளங்கியது. கோடையில் ஆபிரிக்காவிலிருந்து சிரோக்கோ என்ற சுடுகாற்று வரும். அந்த நாட்களில் இந்தத் துணியை நனைத்துவிடும் வீடுகளும் உண்டு. தமிழ்நாட்டில் வெட்டிவேர்த் தட்டிக்குத் தண்ணீர் தெளிக்கிற அதே யோசனை.

உள்ளே தொங்கப்போடுவதற்குப் பியாத்சா பெரன்னியில் பழைய லினன் துணி வாங்கினேன். இந்தத் தீவில் முந்திக் காலத்தில் பெண்பிள்ளைக்கு 'கொர்ரேதோ' என்று சீதனப் பெட்டி நிரப்புவார்கள்: படுக்கை விரிப்பு, மேசைத்துணி, திரை, எல்லாம் கைவேலை. நெய்த துணியிலிருந்து நூலை உருவியெடுத்து, மிச்ச நூலைக் கட்டிக்கட்டிப் பூவாக்குகிற 'ஸ்ஃபிலாத்தோ' என்ற வேலை அதில் பெயர் பெற்றது. ஒரு மூலையில் மணப்பெண்ணின் பெயரின் முதலெழுத்து. எனக்குக் கிடைத்ததில் இரண்டு எழுத்து இருந்தன. யாரோ ஒருத்தி கண் நோக நோகத் தைத்தது. எங்கட குறிச்சிக் கோயில் சாந்தா லூச்சியாவுடையது, கண்ணுக்குரிய புனிதை, கையில் தட்டில் இரண்டு கண் வைத்திருப்பா. அந்தப் பிள்ளையும் அவவிடம் நேர்ந்திருக்கலாம்.

துணி ஒரு யன்னலுக்குத்தான் காணும். மற்றதற்கு அம்மாவின் பழைய நூல் சீலை ஒன்றை வெட்டட்டா என்று கேட்டேன். எங்கட பேச்சில் உடுப்பதும் சீலை, யன்னலில் போடுவதும் திரைச்சீலை, இதில் என்ன பெரிய பாவம் என்றேன். கூறையைக் கேட்கிறேனோ என்று பயந்து முதலில் முகம் கறுத்தா. இல்லை, மாம்பழக்கலர் வேலைச் சீலை என்றதும் தானே கத்தரிக்கோலை எடுத்தா. லினனை வெந்நீரில் போடாதே, இருபது பாகையில் ஊறவிடு, முறுக்காதே, ஈரமாகவே இஸ்திரி போடு, சரிகைப் பக்கம் கீழே தடித்த துவாய் வை. எல்லாம் அந்த வீட்டில் படித்தது. இரண்டு திரையும் இப்போது பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. பொருத்தமில்லை என்று என் சிநேகிதி ஒருத்தி சொன்னா. எனக்கு அப்படித் தெரியவில்லை.

பலெர்மோவுக்கு வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஒரு இடம் சொல்கிறேன். ரெயினில் கொஞ்ச நேரத்தில் பகேரியா, அங்கே வில்லா பலகோனியா. 1715இல் கட்டத் தொடங்கிய மாளிகை. மதில் முழுக்கக் கல்லில் பூதம், குள்ளன், பாதி மிருகம் பாதி மனிதன். 1787இல் வந்த ஜெர்மன் கவிஞர் கோதே இதைப் பார்த்து எரிச்சல்பட்டுப் பக்கம் பக்கமாக எழுதினார். பிள்ளைகள் எரிச்சல்பட மாட்டார்கள். உள்ளே ஒரு மண்டபத்தின் கூரை முழுவதும் கண்ணாடி. இப்போது புகை படிந்ததுபோல மங்கிப்போய்விட்டது, அண்ணாந்து பார்த்தால் உங்கள் உருவம் துண்டுதுண்டாகக் கலங்கித் தெரியும். பலெர்மோவுக்குள்ளேயே பலாத்சோ காஞ்சி என்ற மாளிகையிலும் பேர்போன கண்ணாடி மண்டபம் உண்டு. விஸ்கொந்தி 1963இல் வெளியிட்ட 'சிறுத்தை' படத்தின் நடனக் காட்சி எடுத்த இடம். அதற்கு முன்கூட்டியே கேட்டு அனுமதி எடுக்க வேண்டும், சின்னப்பிள்ளைகளோடு மெனக்கெட வேண்டாம்.

பகேரியாவுக்கு அம்மாவும் வந்தா. கூரையைப் பார்த்துவிட்டு அவ கேட்ட முதல் கேள்வி, "இதை ஆர், எப்பிடித் துடைக்கிறது?" காவலாளியிடமும் சிசிலியனில் கேட்டா. அவர் கையை விரித்தார். ஈரத்துணி படவே கூடாது என்று அவருக்கு அம்மா சொல்லிவிட்டுத்தான் வந்தா.

எங்கட கண்ணாடியை வெள்ளிக்கிழமைகளில் அம்மா வந்து துடைப்பா. நான் கேட்டதில்லை, விடவும் மாட்டேன் என்கிறா. தண்ணீர் இல்லை, ஸ்பிரே இல்லை. துவைத்துத் துவைத்து நைந்த பருத்தித்துணி, மேலிருந்து கீழே, சட்டத்துக்கு ஒரு தூரிகை. மகள் பக்கத்தில் நின்று படிக்கிறாள். கீழ்மூலையில் கறுத்த பொரி இருக்கிற இடத்தில் இப்போது இரண்டு ஒட்டுப்பொட்டும் இருக்கிறது, யார் வைத்தது என்று கேட்கத் தேவையில்லை.

போன கிழமை துடைத்து முடித்துவிட்டு, ஸீசாவில் தன்னுடைய வீட்டுக்கும் ஒன்று பார்க்கச் சொன்னா. அந்த வாடகை வீட்டுக்காரர் செத்து அவரின் மகன்தான் இப்போது வீட்டுக்காரன், அவனிடம் தானே கேட்டுவிட்டாவாம். சுவரில் எவ்வளவு இடம் என்று கேட்டேன். கையை விரித்து எங்கட சுவரிலேயே அளந்து காட்டினா.

"மூண்டு சாண் அகலம். அதுக்கு மேல வேண்டாம், சூட்கேஸ் இடிக்கும்."